தேய்த்த புளியங்கொட்டை

எங்கள் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது எனக்கு ஐந்து வயதில் தெரிந்தது. ஊரே பார்க்கத் தெரிந்தது. ஊர் என்றால் ஒரு வகுப்புப் பிள்ளைகள், பாடம் சொல்லித் தருகிற ஒரு மதாம், தண்ணீர் எடுத்து வைக்கிற ஒரு அம்மா. அந்த வயதில் அதுதான் ஊர்.

நான் படித்தது ஐந்தாவது வரை. எழுதிப் பழக்கமில்லை. ஆனால் படிப்பு தொடங்கியது பெரிய இடத்தில். புதுச்சேரியில் வெள்ளைக்காரர் தெருப் பக்கம் சின்னப்பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது. மத்தெர்னேல் என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிவிட்டுப் போய் இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஆள் போனாலும் பேர் போகவில்லை. மதாம் மதாமாகவே இருந்தார், மத்தெர்னேல் மத்தெர்னேலாகவே இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்சன் வாங்குகிற சொல்தாக்களின் பிள்ளைகள், ஆபீஸ்காரர்கள் பிள்ளைகள், கடைக்காரர்கள் பிள்ளைகள். இவர்களுக்கு நடுவில் நான்.

நான் அங்கே சேர்ந்தது அப்பாவின் வண்டியால். அப்பா புஷ்வண்டி தள்ளினார். இப்போது அதைப் பார்த்தவர்கள் குறைவு. நாற்காலிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். உட்காருகிறவர் கையில் ஒரு கம்பி. அவர் அதைத் திருப்புகிற பக்கம் வண்டி போகும். தள்ளுகிறவர் பின்னால் வருவார். அப்போதே சைக்கிள் ரிக்‌ஷா வந்துவிட்டது. புஷ்வண்டியில் ஏறுகிறவர்கள் வயசானவர்களும் மதாம் மாதிரி சிலரும்தான். அப்பா காலையில் மதாமைக் கொண்டுவந்து விடுவார். மத்தியானம் திரும்பக் கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் மதாம், வீட்டில் சின்னது ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் நான் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன்.

வண்டிக்கு முன்னால் அப்பா சலங்குத் தண்டலாக இருந்தவர். புதுச்சேரியில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். கடல் பாலமும் புயலில் உடைந்து கிடந்தது. ஆளையும் மூட்டையையும் கரையிலிருந்து கப்பலுக்குக் கொண்டுபோகிற பெரிய படகுதான் சலங்கு. பலகையைக் கயிற்றால் தைத்துச் செய்திருப்பார்கள். அலை தூக்கிப் போட்டாலும் நெளிந்து கொடுக்கும். துடுப்புப் போடுகிறவர்களுக்கு மேல் தண்டல். பின்னால் நின்றுகொண்டு, எந்த அலையை விடுவது, எந்த அலையில் ஏறுவது என்று அவர் சொல்வதுதான். யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதும் அவர் சொல்வதுதான்.

அப்பா ஏன் கடலுக்குப் போவதை விட்டார் என்று கேட்டதற்கு முட்டி வலி என்றார்கள். முட்டி வலிக்காரர் ஊர் முழுக்க வண்டி தள்ளுவாரா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடலோரக் குப்பத்தை விட்டு உப்பளம் என்கிற பேட்டைக்கு ஏன் வந்தோம் என்றதற்கு, வண்டி நிற்கிற இடம் கிட்ட என்றார்கள். குப்பத்துக்கும் அது கிட்டத்தான். அதுவும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் அம்மாவும் அப்பாவும் என் வழியாகப் பேசினார்கள். "உங்கப்பாவ சோறு துன்னச் சொல்லு" என்பாள் அம்மா. அப்பா கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் போய்ச் சொல்லுவேன். "அம்மாவ கொஞ்சம் தண்ணி கேளு பாப்பா" என்பார். நான் வந்து கேட்பேன். எல்லா வீட்டிலும் பிள்ளை பெறுவது இதற்குத்தான் என்று நினைத்திருந்தேன். அந்த வேலையை ஒழுங்காகவே செய்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பிரான்சில் இருந்தார். வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று ஊரைக் காலி செய்துகொண்டு போனபோது குசினியில் சமையல் வேலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அது அதிசயமில்லை. பாதிப் பேருக்கு மாமன் மச்சான் சைகோனிலோ பிரான்சிலோ இருப்பார்கள். மாமா எப்போது வருவார் என்று கேட்டால், "அங்க ஒரே குளிரு. கப்பல் வரணும்" என்பாள் அம்மா. குளிருக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது. நம்பினேன்.

மாமாவைப் பற்றி எனக்கு ஒரு ஞாபகம்தான். புளியங்கொட்டையைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்ப்பார். சூடேறினதும் என் கையில் வைப்பார். நான் கத்துவேன். அம்மா அவரைத் திட்டுவாள். அவர் உடனே அம்மா கையிலும் ஒன்று வைப்பார். அப்படித் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் வெள்ளையான புளியங்கொட்டைகள் கொஞ்சம் கொட்டாங்குச்சி ஒன்றில் கிடந்தன. தாயம் ஆடுவதற்காக வைத்தது. மாமா போன பிறகு யாரும் ஆடவில்லை.

மதாம் வெள்ளைக்காரி இல்லை. காரைக்காலில் இருந்து வந்த தமிழ்க்காரி, கவுன் போடுவார். எங்கள் ஊருக்குப் புதுசு. அவர் வகுப்பில் சிலேட்டு கிடையாது. "தொட்டுப் பாரு, போட்டுப் பாரு, அப்புறம் வாயத் தொற" என்பார். இரண்டு கொட்டாங்குச்சியைக் கயிற்றில் கட்டித் தராசு செய்து கொடுத்தார். ஒன்றில் மணல், ஒன்றில் கிளிஞ்சல். எது கீழே போகும் என்று முதலில் சொல்ல வேண்டும், பிறகு போட வேண்டும். முற்றத்தில் ஒரு கொம்பை நட்டு, அதன் நிழலின் மேல் காலையில் ஒரு கரிக்கோடு, வீட்டுக்குப் போகும்போது ஒரு கரிக்கோடு போடச் சொன்னார். நிழல் நகர்ந்துவிட்டது. நான்தான் கொம்பைப் பிடுங்கி நட்டேன் என்று ஒரு சொல்தா மகள் சாதித்தாள். மதாம் அவளையே கொம்புக்குக் காவல் வைத்தார். அவள் காவலிலும் நிழல் நகர்ந்தது. அந்தக் கோபமும் என் மேல்தான் வந்தது.

அவளுக்கு என்னைப் பிடிக்காது. அவள் அப்பாவிடம் மெடல் இருந்தது. என் அப்பாவிடம் வண்டி இருந்தது, அதுவும் வாடகை வண்டி. "வண்டி தள்றவரு பொண்ணு" என்பாள். பொய் இல்லை. ஆனால் அவள் சொல்லும்போது காது சுடும். ஒருநாள் எனக்கு வாய் வந்துவிட்டது.

"எங்கப்பா தண்டலு. சலங்குல பின்னால நிப்பாரு. அவரு சொன்னாத்தான் வெள்ளக்காரனே ஏறணும்."

மதாம் காதில் விழுந்துவிட்டது. நிஜமா என்று கேட்டார். நிஜம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அடுத்த வாரம் படகுப் பாடம் வருகிறது, உன் அப்பாவையே உள்ளே கூப்பிட்டுக் கேட்போம் என்றார். நான் வீட்டில் சொல்லவில்லை. அப்பா திடீரென்று உள்ளே வரட்டும், எல்லாரும் பார்க்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க நான் சொல்தா மகளைக் கண்டுகொள்ளவே இல்லை. பெரிய இடத்துப் பிள்ளைகள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று அவளைப் பார்த்தே கற்றிருந்தேன்.

படகுப் பாடம் இப்படி. தாழ்வாரத்தில் ஒரு பெரிய தகரத் தொட்டி நிறையத் தண்ணீர். ஒவ்வொருவருக்கும் ஒரே அளவு களிமண் உருண்டை. முதலில் உருண்டையாகவே போடச் சொன்னார். மிதக்கும் என்கிறவர்கள் ஜன்னல் பக்கம் நிற்க வேண்டும், முழுகும் என்கிறவர்கள் கதவுப் பக்கம். போட்டோம். முழுகியது. தப்பாக நின்றவர்களை மதாம் திட்டமாட்டார், பக்கம் மாறி நிற்கச் சொல்வார். பிறகு அதே மண்ணைக் கிண்ணம் மாதிரி தட்டச் சொன்னார். அதே மண்தான், ஒரு துளி கூடக் குறையவில்லை. மிதந்தது. அந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதற்கு அப்புறம் ஆள் ஏற்றுவது. புளியங்கொட்டைதான் ஆள் என்று மதாம் முந்தின நாளே சொல்லியிருந்தார். ஒன்றொன்றாக ஏற்ற வேண்டும். எந்தப் படகு அதிகம் தாங்குகிறதோ அது நல்ல படகு. எண்ணிக்கை பாதி பிரெஞ்சில், பாதி தமிழில். படகு முழுகியதும் எல்லாரும் கை தட்ட வேண்டும். முழுகினால் அழக்கூடாது என்பதற்காக மதாம் வைத்த வழக்கம் அது. உண்மையில் முழுகுவதைப் பார்க்கத்தான் எங்களுக்கு ஆசை. நன்றாகத் தட்டினோம்.

நான் விளிம்பை உயர்த்திக் கட்டியிருந்தேன். எங்கும் ஒரே கனமாகத் தட்டியிருந்தேன். ஒருவர் படகு சாய்ந்தது, ஒருவர் படகு பிளந்தது. சொல்தா மகள் படகு அழகாக இருந்தது, நாலு ஆளோடு போயிற்று. கடைசியில் தொட்டியில் நின்றது என் படகு. விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் நகம் நுழையாது. அப்போதும் நின்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மத்தியானம் ஆகியிருந்தது. மதாமைக் கூட்டிப் போக அப்பா வந்து வாசலில் நின்றார். மதாம் எழுந்து போய்க் கூப்பிட்டார்.

"வாங்க தண்டல்."

அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று.

"உங்களத்தான். உங்க பொண்ணு எல்லாம் சொல்லிட்டா. உள்ள வாங்க."

அவர் அந்தத் தாழ்வாரத்தில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கால்களை வெளியே தேய்த்துத் துடைத்துக்கொண்டு வந்தார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். மதாம் தொட்டியைக் காட்டினார். இது உங்கள் மகள் கட்டின சலங்கு, இதெல்லாம் கப்பலுக்குப் போகிற ஆட்கள் என்று விளக்கினார். இன்னும் எத்தனை பேரை ஏற்றலாம், நீங்கள்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றார். நல்ல மனசோடுதான் கேட்டார்.

அப்பா தொட்டியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள். மதாம் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். தண்ணீர் அம்மா கூடக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அப்பா வாயைத் திறக்கவில்லை. ஒரு எண் சொன்னால் போதும். தப்பாகச் சொன்னாலும் மதாம் பக்கம் மாறி நிற்கத்தான் சொல்வார். சொல்தா மகள் பக்கத்துப் பிள்ளையிடம், "அவருக்குத் தெரியல" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். எல்லாருக்கும் கேட்டது.

நான் தரையைப் பார்த்தேன். அப்பாவின் கால் தெரிந்தது. துடைத்தும் போகாத செம்மண் ஒட்டிய பெரிய கால். அதையும் பார்க்க முடியவில்லை.

அவருக்குச் சுலபமான கேள்வியாகக் கேட்டுக் காப்பாற்றலாம் என்று நினைத்தேன். என் பாவாடை முடிச்சில் ஒரு புளியங்கொட்டை இருந்தது. வீட்டுக் கொட்டாங்குச்சியிலிருந்து அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்தது, ஒரு பக்கம் வெள்ளை. மாமாவாக வைத்துக்கொள்ளவும், மற்ற ஆட்களோடு கலந்துவிடாமல் இருக்கவும் அதை எடுத்திருந்தேன்.

"அப்பா, இது மாமா. பிரான்சுக்குப் போவணும். கப்பலு கெளம்பிடும். ஏத்தலாமா, வேணாமா?"

"வேணாம்மா" என்றார். எனக்கு மட்டும்தான் கேட்டது.

"எடம் இருக்குதேப்பா."

எத்தனை என்று கேட்டால் வாயைத் திறக்காமல், ஒன்றுக்கும் வேண்டாம் என்கிறவர் என்ன தண்டல்? எனக்கு ஆத்திரம் வந்தது. நானே மாமாவை ஏற்றினேன்.

படகு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தது. விளிம்பில் ஒரு இடத்தில் தண்ணீர் வழிந்தது. அவ்வளவுதான். சத்தமே இல்லாமல் எல்லாரையும் கொட்டிவிட்டு அடியில் போய் உட்கார்ந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வழக்கம்.

அப்பா முட்டி போட்டார். கையை முழங்கைக்கு மேல் தண்ணீரில் விட்டார். களிமண் கரைந்து தண்ணீர் கலங்கியிருந்தது. அதில் துழாவினார். ஒவ்வொரு புளியங்கொட்டையாக விரலால் தடவித் தடவி விட்டார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். கை தட்டு ஓய்ந்துவிட்டது. ஒருவர் இருவர் சிரித்தார்கள். பெரிய மனுஷர் ஒருவர் எங்கள் தொட்டியில் விளையாடுகிறார் என்று. கடைசியில் வெள்ளைப் பக்கம் உள்ளதை எடுத்தார். துண்டால் துடைத்தார். துண்டின் முனையில் வைத்து முடிந்தார். எழுந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார். வண்டி நின்ற பக்கம் போகவில்லை, கடற்கரைப் பக்கம் போனார்.

வகுப்பு முடியும்போது ஆட்களை எண்ணி டப்பாவில் போடுவது வழக்கம். எண்ணினார்கள், சரியாக இருந்தது. இருந்தாலும் சொல்தா மகள், "அவங்கப்பா ஒண்ண எடுத்துக்கினு போய்ட்டாரு" என்றாள். அது எங்கள் வீட்டுடையது என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்தது வெளியே வரும். சும்மா இருந்தேன். அப்பாவுக்குக் கணக்கும் வராது, கையும் சுத்தமில்லை என்று ஆயிற்று.

அன்றைக்கு மதாம் நடந்து வீட்டுக்குப் போனார். குடையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு, எங்கள் தெரு முனை வரைக்கும் வந்துவிட்டுப் போனார். புஷ்வண்டி வகுப்பு வாசலில் அனாதையாக நின்றது. தெருப் பையன்கள் அதில் ஏறி உட்கார்ந்து கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அதைத் தெரியாத வண்டி மாதிரி கடந்து வந்தேன். அப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மதாம் வழியில் கேட்டார்.

"இல்ல மதாம். அவருக்குத் தெரியாது" என்றேன்.

இதோடு சேர்ந்த சில விஷயங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த நாள் தாழ்வாரத்தில் தொட்டி இல்லை. ஆள் ஏற்றுகிற விளையாட்டு அதற்கப்புறம் அந்த வகுப்பில் நடக்கவில்லை. மதாம் என்னிடம் முன்னைவிட மெதுவாகப் பேசினார். அப்பா புளியங்கொட்டை எடுத்த கோபத்தில்தான் தொட்டியை எடுத்துவிட்டார்கள், என்னை மட்டும் பாவம் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் அவமானமாகத்தான் இருந்தது. அப்பா மதாமை வண்டியில் வைத்துத் தள்ளி வரும்போது பக்கத்தில் நடந்து வருகிற நான், வகுப்புத் தெரு வந்ததும் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவேன். அப்பா ஒருநாள் பார்த்தார். மறுநாளிலிருந்து என்னைத் தெரு முனையிலேயே, "நீ முன்னால போ பாப்பா" என்று அனுப்பிவிட்டு, கொஞ்சம் நின்று வந்தார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது.

நடந்தது என்ன என்று எனக்குப் பத்து வயது இருக்கும்போது தெரிந்தது. யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. மீன் மார்க்கெட்டில் அம்மாவோடு நின்றேன். எங்கள் பழைய குப்பத்துப் பெண்பிள்ளை ஒருத்தி இன்னொருத்தியிடம் என்னைக் காட்டி, சொந்த மச்சானையே ஏற்றிக் கொன்ற தண்டலின் மகள் என்றாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. வெள்ளைக்காரக் குடும்பம் முதல் சலங்கில் போய்க் கப்பலில் ஏறிவிட்டது. மாமா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். அப்பாவின் சலங்கு நிறைந்திருந்தது. அப்பா வேண்டாம் என்றார். கரையில் நின்ற அம்மா, "எடம் இருக்குதே, ஏத்திக்க. கப்பலு போய்டும்" என்றாள். அப்பா கடலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். ஏறுடா என்றார். அலை உடைகிற இடத்தில் சலங்கு கவிழ்ந்தது. அப்பா தண்ணீரில் இருந்துகொண்டு ஒவ்வொருவராகப் பிடித்துத் துடுப்புக்காரர்களிடம் தள்ளினார். மூட்டைகள் போயின. ஆட்கள் எல்லாரும் கரை சேர்ந்தார்கள், மாமாவைத் தவிர. அப்பா இருட்டுகிற வரைக்கும் துழாவினாராம். கலங்கல் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லையாம்.

அதற்கப்புறம் அவர் யார் ஏறலாம் என்று சொல்கிற வேலைக்குப் போகவில்லை. ஏறுகிறவரே கம்பியைப் பிடித்துத் திருப்பிக்கொள்கிற வண்டியைத் தள்ளினார். அம்மா அவரோடு பேசவில்லை. அவர் மேல் கோபம் என்று குப்பத்தில் பேசிக்கொண்டார்கள். ஏற்றச் சொன்னது அவளேதான் என்பதை அப்பா ஒருவரிடமும் சொல்லவில்லை. அது எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும், அப்பா செத்துப்போன பிறகு.

இனி, படகுப் பாடம் நடந்த அன்றைக்குச் சாயங்காலம்.

அப்பா விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தார். வேட்டி இடுப்பு வரைக்கும் ஈரம், மணல் ஒட்டியிருந்தது. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்தார். அம்மா துண்டை நனைக்க எடுத்தாள். முனையில் முடிச்சு இருந்தது. அவிழ்த்தாள். வெள்ளைப் பக்கம் மேலே தெரியப் புளியங்கொட்டை அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"இது ஏது இங்க?"

நான் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. எடுத்தது நான். ஆனால் அதைவிடப் பெரிய குற்றம் அன்றைக்கு அப்பா செய்திருந்தார். அதைச் சொன்னால் என்னுடையது மறைந்துவிடும்.

"அது மாமா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். களிமண் சலங்கு, ஆட்கள், மதாம் கேட்டது, அப்பா பதில் தெரியாமல் நின்றது, எல்லாரும் சிரித்தது. கோள் சொல்கிற வேகத்தில் சொன்னேன். "சலங்கு முழுகிப்போச்சிம்மா. எல்லாரும் தண்ணியில கெடக்குறாங்க. அப்பா கையவுட்டுத் தேடித் தேடி மாமாவ மட்டும் எடுத்தாரு. மத்தவங்கள அப்படியே உட்டுட்டாரு."

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். புளியங்கொட்டை இருந்த கையை மூடிக்கொண்டாள். அடி விழும் என்று நான் சுவரோரம் போனேன். விழவில்லை. அவள் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை. அந்த முதுகு ஆடிக்கொண்டிருந்தது. இருமுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு அம்மா எழுந்தாள். அடுப்பில் கொதித்த குழம்பை இறக்கினாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். நான் என் வேலைக்குத் தயாராக அவள் பக்கத்தில் போய் நின்றேன். உங்கப்பாவ சோறு துன்னச் சொல்லு என்று இப்போது சொல்வாள், நான் போய்ச் சொல்ல வேண்டும்.

அம்மா என்னைத் தாண்டி வாசல் வரைக்கும் போனாள்.

"ஈரத்தோட குந்தினு இருக்காதீங்க. வாங்க, சாப்புடலாம்."

அவரிடமே சொன்னாள். நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, கொண்டுபோய்ச் சொல்ல ஒரு வார்த்தை கூட. மாமாவைத் திருடினதற்கும், அப்பாவைப் பற்றிக் கோள் சொன்னதற்கும், என்னை அந்த வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். அவ்வளவு அவமானம் எனக்கு வகுப்பில் கூட வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் மூலையில் நின்று அழுதேன்.